ஹாரன் அக்காவின் அந்துப்பூச்சி வேட்டை

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண்மணிக்குத் தெருவில் ஹாரன் அக்கா என்று பெயர். வேனுக்கு முன்னால் அவள் குரல்தான் தெருமுனை திரும்பும். “பாப்பா, ஷூ லேஸ்!” என்று அவள் ஒரு சத்தம் போட்டால் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூடக் குனிந்து தன் காலைப் பார்ப்பார். எதையும் அரை மனதாகச் செய்யத் தெரியாதவள். நடுவழியில் டயர் பஞ்சரானால்கூட, பரிசு விழுந்த மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குவாள்.

அவளுடைய தங்கைக்குக் குளிர் தேசம் ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அக்கா ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த கம்பளிக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் முதுகுப் பக்கம் சல்லடை. ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாதடி! எந்தத் திருட்டுக் கழுதை வேலைன்னு இன்னிக்கே பாத்துடறேன்” என்று கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலவைக்கடைக்கு ஓடினாள் அக்கா.

கடைக்காரர் காலரைத் திருப்பிப் பார்த்தார். “எலி இல்லம்மா, அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி துணி தின்னாது, அதோட புழுதான் தின்னும். கம்பளி, பட்டு, முடி, இறகு, எதையும் விடாது. வீட்டுல எங்கயோ நல்லா தின்னு பெருகிட்டுதான் உங்க அலமாரிக்கு வந்திருக்கு. அந்த இடத்தைப் பிடிக்கலைன்னா நான் கோட்டைத் தைச்சுக் குடுத்தும் பிரயோஜனம் இல்ல.”

அவ்வளவுதான். அக்காவுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் வீடு தலைகீழானது. கட்டில் நகர்ந்தது, சோபா கவிழ்ந்தது, ஸ்வெட்டர்கள் மொட்டைமாடி வெயிலில் உதறப்பட்டன. தங்கை வேக்குவம் கிளீனரோடு மூலை முடுக்கெல்லாம் ஊர்ந்தாள். தரைவிரிப்பின் அடியில் ஒன்றுமில்லை. மெத்தையிலும் ஒன்றுமில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் பரணுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். குடிநீர் வாரிய ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டால் நாடகக் குழு. நல்ல உருட்டுக் குரலும் அதற்கேற்ற தொப்பையும் இருந்ததால் எந்த நாடகமானாலும் அவர்தான் ராஜா.

“பரண்ல பழைய பேப்பர்தான் இருக்கு. ஏறாதே, தூசி” என்றார், கேட்காமலே.

அக்கா டார்ச் வெளிச்சத்தைப் பரண் பக்கம் அடித்தாள். பரண் கதவின் இடுக்கில் வெளிர் பொன்னிறத்தில், அரிசியளவு பூச்சி ஒன்று வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளே ஓடியது.

“நகருங்க.”

“சொன்னாக் கேளு...”

“நகருங்கன்னேன்!”

ஸ்டூல் ஆட ஆட ஏறினாள். பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாடகக் குழுவின் தாடிப் பெட்டி! வீடெல்லாம் பசை நாற்றம் என்று அவள் சத்தம் போட்டதால், போன வருஷமே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் சத்தியம் பண்ணிய அதே பெட்டி.

மூடியைத் திறந்ததும் பொன்துகள் போலப் பூச்சிகள் எழும்பின. உள்ளே ஆட்டு ரோமத்தில் செய்த தாடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம். முனிவர் தாடி பாதி வழுக்கை. தளபதியின் மீசையில் மிஞ்சியது வெறும் வலைத்துணி. ராஜா தாடியின் வலது பக்கம் காணோம். புழுக்கள் கூட்டோடு நெளிந்துகொண்டிருந்தன.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று அக்கா ஸ்டூல் மேலேயே குதித்தாள். கீழே இரண்டு பேர் பாய்ந்து அவள் காலைப் பிடித்தார்கள்.

“அடுத்த சனிக்கிழமை நாடகம்” என்றார் வீட்டுக்காரர், தரையில் உட்கார்ந்தபடி. “குடுத்துடலாம்னுதான் நினைச்சேன். மனசு வரல.”

“உங்களை அப்புறம் வெச்சுக்கறேன். இப்போ பையைப் பிடிங்க!”

ஒன்றுக்கும் உதவாதவற்றைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள். பரணை உறிஞ்சித் துடைத்தார்கள். கோட்டையும் ஸ்வெட்டர்களையும் பிழைத்த தாடிகளையும் பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் கட்டினார்கள். நல்ல உறைகுளிரில் சில நாள் கிடந்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும் என்று சலவைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு கையுறை வைக்கத்தான் இடம். அக்கா வேனை எடுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்கே போய்விட்டாள்.

“ஏம்மா, என் வெனிலாவுக்குப் பக்கத்துல தாடியா?” என்று கடைக்காரர் அலறினார்.

“உங்க பொண்ணு தினமும் என் வேன்லதான அண்ணே வரா?”

கடைசியில், பின்கட்டில் சும்மா கிடந்த பழைய ஃப்ரீசருக்கு அவர் உயிர் கொடுத்தார். ராஜா தாடியைக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒருவர் அது என்ன புது ஃப்ளேவர் என்று விசாரித்தாராம்.

வெள்ளிக்கிழமை பைகள் வெளியே வந்தன. சலவைக்கடைக்காரர் கோட்டு ஓட்டைகளை நூல் இழுத்து இழை சேர்த்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ராஜா தாடியில் மிச்சமிருந்ததைத் தங்கை குறுந்தாடியாகத் தைத்தாள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் காட்சியில் ராஜா கோபத்தில் உறுமினார். உறுமிய வேகத்தில் தாடியிலிருந்து ஒரு கொத்து பிரிந்து, மிதந்து வந்து, மந்திரியின் காலடியில் விழுந்தது. மந்திரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். முன்வரிசையில் அக்கா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் அசரவில்லை. “பார்த்தீரா மந்திரி! இந்த நாட்டை நினைத்து நினைத்தே எனக்கு முடி கொட்டுகிறது!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தாள். பொய் சொன்னதற்கு வைத்திருந்த வசவெல்லாம் அந்த விசிலோடு போய்விட்டது.

மறுநாள் விமான நிலையத்தில் அனல் பறக்கிற வெயில். தங்கை கோட்டைக் கழற்றவே மாட்டேன் என்று வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு போனாள். வழியனுப்பிவிட்டு அக்கா வீடு திரும்பினால், வாசலில் எதிர்வீட்டு அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

“அக்கா, எங்க வீட்டுக் கார்பெட்டுல ஏதோ நெளியற மாதிரி இருக்கு...”

“எந்த ரூம்ல?” என்றாள் ஹாரன் அக்கா. கேட்டபோதே பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள்.