கழிவறைப் பாதையில் ஒரு ரீடர்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கே எல்லோர் கழுத்திலும் சிப் வைத்த அடையாள அட்டை தொங்கும். வாசலைக் கடந்தாலே மேலிருக்கும் ரீடர் அதைப் படித்து வருகையைப் பதிந்துவிடும். போன கோடையில் அது ஆட்களைத் தவறவிட ஆரம்பித்தது. மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. அட்டைகளை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். திட்டு வாங்குவது நிற்கவில்லை.

பக்கத்தில் வேறொரு ரீடர் ஓடினால் ரேடியோ அலைகள் மோதி இப்படி ஆகும். அலை பட்டால் கத்தும் கைக்கருவி ஒன்றை வரவழைத்தேன். வாசல் ரீடரை அணைத்த பிறகும் அது கத்தியது. கழிவறைப் பாதையில் சத்தம் கூடியது. முட்டி வலியோடு ஏணியில் ஏறிக் கூரைப் பலகையைத் தள்ளினால், உள்ளே நாங்கள் வைக்காத ரீடர் ஒன்று பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

கீழே மாரண்டஹள்ளியிலிருந்து வரும் தையல்காரப் பெண் நின்றிருந்தாள். "என்னங்க்கா அது?"

"யாரு உள்ள போறாங்க, எப்ப வர்றாங்கன்னு அட்டையப் படிக்கும்மா."

அவள் முகம் மாறியது. "சூப்பர்வைசரு, நான் எவ்ளோ நேரம் பாத்ரூம்ல இருந்தேன்னு கரெக்டா சொல்லித் திட்டுனாருங்க்கா. பக்கத்து மிசின்காரிதான் போட்டுக் குடுக்கறான்னு நெனச்சு அவகூடப் பேசறதையே உட்டுட்டேன்."

கழற்றி மேனேஜர் மேசையில் வைத்தேன். கூப்பிட்டுக் கேட்டபோது சூப்பர்வைசர் மறுக்கவில்லை; ஆன்லைனில் சொந்தமாக வாங்கி மாட்டினாராம், வேலை வேகமாக நடக்கத்தானாம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கழட்டியாச்சுல்ல? வெளிய பேச வேண்டாங்க." சூப்பர்வைசரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். அதைச் சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. வாரத்துக்கு ஒருமுறை கருவியோடு ஒரு சுற்று வர மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ரீடரைக் கழற்றிய அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண், பக்கத்து மிஷின்காரியின் சீட்டருகே போய் நின்றாள். "தப்பா நெனச்சிட்டேன்டி. அது கூரைல இருந்த மிசினு பண்ண வேல."

மற்றவள் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு," என்றாள்.