இரண்டு டாக் பெட்டிகளும் ஒரு சனிக்கிழமையும்

எங்கள் வீட்டில் நல்ல காது எனக்குத்தான் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் யாராவது புது ஸ்பீக்கர் வாங்கினால் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நானும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "மேல் சத்தம் கொஞ்சம் கூர்மை" என்று எதையாவது சொல்லி வைப்பேன். தேநீரும் கேக்கும் கிடைக்கும்.

ஆனால் என் சொந்த வீட்டில் அம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் துணி போர்த்திக் கிடந்தன. காரணம் என் மனைவி. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அது யுத்த காலம். எங்கேயாவது குண்டு வெடித்தால், கண்டியில் இருந்த எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தவர்களின் வீடுகளுக்கு ஆமியும் பொலிசும் சோதனைக்கு வரும். ஒருநாள் பின்னேரம் அப்படி வந்தபோது நான் பாட்டை முழங்க விட்டிருந்தேன். கேற்றைத் தட்டியது கேட்கவில்லை. வேண்டுமென்றே திறக்காமல் இருக்கிறோம் என்று நினைத்து, கேற்றைத் தள்ளி விழுத்திக்கொண்டு வந்து என்னை ஏற்றிப்போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, பாணும் பருப்பும் தந்து, அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை குளித்தது. அவள் செய்த முதல் வேலை அம்ப்ளிபயரின் பிளக்கைக் கழற்றியது.

"கேற் சத்தம் கேக்காத வீட்டில எனக்குப் பாட்டு வேண்டாம்," என்றாள்.

சில வாரங்கள் கழித்து மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். "குறையுங்கோ," என்றாள். குறைத்தேன். "இன்னும்." இப்படிக் குறைத்துக் குறைத்து, கசெட்டின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. வெறுத்துப்போய்த் துணியைப் போர்த்தினேன். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. எனக்குப் பாட்டில்லாமல் இருக்கத் தெரியாது. இதை வெட்கமில்லாமலே சொல்கிறேன்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. குற்றம் கசெட்டில், டிஜிட்டலுக்கு மாறினால் மிகக் குறைந்த சத்தத்திலும் சொற்கள் தெளிவாய் இருக்கும், அவளும் ஒத்துக்கொள்வாள். முதலில் கொம்பியூட்டரில் பாட்டுகளை ஏற்றி, அதை அம்ப்ளிபயரில் கொழுவினேன். அதன் விசிறி இரைந்த இரைச்சலில் அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"வீட்டுக்குள்ள லொறி நிக்குதோ?"

கொம்பியூட்டர் திரும்பவும் எழுதுமேசைக்குப் போனது.

அடுத்து, கண்டிக்குப் பக்கத்து மடவளையில் பழைய ஜப்பான் சாமான்கள் விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போனேன். "விசிறி இல்லாத சீடி பிளேயர் ஒண்டு எடுங்க சேர், அதோட தனியா ஒரு டாக் போடுங்க," என்றார். சீடித் தட்டில் எண்களாக இருக்கிற பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டிக்குப் பெயர்தான் டாக். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளி நிறம், தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். மற்றது கறுப்பு, சவர்க்காரப் பெட்டியளவு. கடைக் கண்ணாடி அதிர அதிரப் போட்டுக் காட்டினார். குறைக்கச் சொன்னேன். இன்னும் குறைக்கச் சொன்னேன்.

"இவ்வளவு கொறச்சா என்னத்த சேர் கேக்கப் போறீங்க?"

"வீட்டில இவ்வளவுதான் போடலாம்," என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். கலவரமும் சோதனையும் அவருடைய ஆட்களும் கண்டதுதான்; நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "ரெண்டையும் ஊட்டுக்குக் கொண்டு போங்க. புடிச்சத வெச்சிக்கங்க, மத்தத ஞாயித்துக்கெழம கொண்டாங்க," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு கடையை விரித்தேன். மனைவி பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இதில ஒண்டாவது உமக்குச் சரியெண்டா வீட்டில பாட்டு இருக்கும். இல்லாட்டி எல்லாத்தையும் குடுத்துப்போடுறன். பிறகு கேக்கமாட்டன்," என்றேன். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன், ஆனால் விளையாட்டில்லை.

"ஓம்," என்றாள், தலை நிமிராமல்.

பார்க்காமல் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று போட்டி வைத்தேன். முதலில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்க, அவள் வயரை மாற்றினாள். வெள்ளிப் பெட்டிதான் உயர்ந்தது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். இனிமையாகக் கேட்டதையெல்லாம் வெள்ளி என்றேன். அவள் சிவப்புப் பேனையால் ஒரு கடதாசியில் ஆறுக்கு இரண்டு என்று போட்டு, கீழே கோடும் இழுத்தாள்.

"இனி நீர்," என்றேன், மூக்குடைபட்ட கோபத்தில்.

அவள் திருத்துவதை நிறுத்தவேயில்லை. அதே பாட்டை நான் மாற்றி மாற்றிப் போட, "சின்னன். பெரிசு. சின்னன்," என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆறும் சரி. அந்த ஆறில் ஒருமுறை வயரைத் தொட்டுவிட்டு மாற்றாமலே விட்டேன்.

"நீங்கள் ஒண்டும் மாத்தேல்லை," என்றாள்.

"என்னண்டு கண்டுபிடிக்கிறீர்?"

"பெரிசில பாட்டு நிண்டாலும் ஒரு மெல்லிய இரைச்சல் நிக்குது. சின்னனில பாட்டு நிண்டா எல்லாம் நிக்குது. அந்த இடைவெளியில பக்கத்து வீட்டுக் கோழி கேக்குது, றோட்டால போற ஓட்டோ கேக்குது."

ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துப் பார்த்தேன். இரைச்சல் இருந்தது. ஒட்டவைத்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

"அப்ப நீர் பாட்டைக் கேக்கேல்லையோ?"

"நீங்கள் அந்த ரெண்டு நாள் போயிட்டு வந்ததுக்குப் பிறகு நான் வெளியைத்தான் கேக்கிறன். நித்திரையிலயும்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒன்றரை வருடமாக நான் பாட்டுப் போச்சே என்று அழுதுகொண்டிருந்தேன்; அவள் ஒரு நிமிடமும் ஓயாமல் எனக்காகக் காவல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"சின்னனை வச்சிருங்கோ," என்றாள். "இதெண்டா ஆர் வந்தாலும் தெரியும். இப்ப கொஞ்சம் கூட்டுங்கோ."

கூட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்."

எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் பேனையை மூடி வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து இருந்தாள். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல பாட்டாயிருக்கே. இது எப்ப வாங்கினது?"

மத்தியானத்திலிருந்து பதின்மூன்று தரம் ஓடிய அதே பாட்டு.