கம்பிக்கு வெளியே ஒரு முகம்

புது டிவியைச் சுவரில் மாட்டியவர், "திருப்தியா சார்? அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்று கிளம்பினார். பெட்டிக்குள் தெர்மாகோலைத் திணித்தபோது எழுந்த கிறீச்சொலி, ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவுக்கே முதல் டிவி எங்கள் வீட்டில் வந்திறங்கிய நாளுக்கு என்னைக் கொண்டுபோனது.

ஞாயிறு மாலை தறிகள் நின்றதும் எதிர்வீட்டுத் தேவகி எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பாள். மகிழ்ச்சி பற்றி இன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். பத்து வயதில் புத்தகமில்லாமலே வழி தெரிந்திருந்தது: கதவைத் தாழிட்டு, ஜன்னலை மட்டும் திறந்து வைப்பேன்.

ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. படம் சப்பென்றிருந்தது. பாதியில் எழுந்து அவள் வீட்டுக்கே போனேன்.

"இன்னா, படம் பாக்க வர்லியா?"

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ எங்க படம் பாத்த? என் மூஞ்சியத்தான பாத்துகினு இருந்த."

"கதவத் தொறந்து வெக்கிறேன். உள்ள வா."

"வாணாம். நீ போய்ப் பாரு."

அதன்பிறகு அவள் வரவேயில்லை.

இப்போது நான் இருப்பது ஏழாவது மாடி. வெளியே யாரும் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், படம் தொடங்கியதிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.