பின்னமான நகம்

நடந்ததைத்தான் சொல்லுறன். நம்ப ஏலாதவை இப்பவே எழும்பிப் போகலாம், எனக்கு ஒரு கோபமும் இல்லை.

1976, சிட்னி, பரமட்டா. அப்ப பக்கத்தில கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைப் பஜனை எங்கட வீட்டிலதான். சாமிப் படம் வைக்க ஒரு நல்ல கதிரை தேடித் திரியேக்கை, பழைய தளபாடக் கடையில அதைக் கண்டனான். சீன அரண்மனைச் சாமானாம். கறுத்த வைர மரம். முதுகில செதுக்கின டிராகன் வளைஞ்சு இறங்கி, வலது கைப்பிடியில ஒரு காலை ஊண்டியிருந்தது. அந்தக் காலில நாலு நகம். ஐஞ்சாவதின்ரை இடம் மொட்டையா வெட்டுப்பட்டிருந்தது.

உடைஞ்ச உருவம் பூசைக்கு ஆகாது. பின்னமானதில சாமியை இருத்தலாமோ எண்டு நான் முணுமுணுக்க, என்ரை மனிசன் மகேந்திரராஜா தானே ஒரு நகம் செதுக்கினார். அவர் பல் வைத்தியர். பள்ளிக்கூடத்தில கிரிக்கெட் பந்து பட்டு வலது கைச் சின்னிவிரல் வெளிப்பக்கமாக் கோணினாலும், அந்தக் கையை நம்பித்தான் எங்கட சீவியம். வெள்ளைப் பலகையில நேரான நகம். ஒட்டினார். வர்ணம் பூசேல்லை.

வெள்ளி பின்னேரம் பார்த்தால்... ஐஞ்சும் கறுப்பு. ஐஞ்சும் ஒரே மினுக்கம்.

"வார்னிஷ் அடிச்சனீங்களே?"

"இல்லையே."

அவருக்குச் சிரிப்பு. படத்தை வைச்சு, மாலையைச் சரிசெய்யக் குனிஞ்சார். வலது கை கைப்பிடியில.

க்ரக்...

மரம் வெடிக்குது எண்டு நினைச்சன். எலும்பு.

நகங்கள் மூடியிருந்தது. உள்ளுக்கு அவற்ரை கை.

அலறினார். பின்வளவில கிடந்த விறகுக் கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொத்தினன். கொத்தக் கொத்த இறுகினது. பிள்ளையார் படம் முழுக்க ரத்தம்.

கோடாலியை எறிஞ்சுபோட்டு அவரை இழுத்தன்.

கை வந்தது.

சின்னிவிரல் வரேல்லை.

விரலைக் கொண்டு வாங்கோ, தைச்சுப் பார்ப்பம் எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை. வீடு முழுக்கத் தேடினம். இல்லை. நகங்கள் பழையபடி விரிஞ்சிருந்தது. கதிரையில ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கோடாலி பட்ட அடையாளமும் இல்லை.

அடுத்த கிழமை பக்கத்துவீட்டுச் சீனர் லாவ் வந்து பார்த்தார். ஐஞ்சு நகம் சக்கரவர்த்திக்கு மட்டும்தானாம். அரண்மனைக்கு வெளியில போற சாமானில ஒண்டை வெட்டிப்போடுவினமாம். பிறகு ஏனோ முகம் மாறி, சின்னக் கத்தியால முதல் நகத்தின்ரை கறுப்பைச் சுரண்டினார். உள்ளுக்கு வெள்ளை. மற்ற மூண்டும் அப்படித்தான்.

"இது மரம் இல்லை," எண்டார். "நாலும் மனிச விரலெலும்பு. நாலு பேற்ரை."

ஐஞ்சாவதில கத்தியை வைக்கப் போனார். நான் அவற்ரை கையைப் பிடிச்சிட்டன்.

அது வெளிப்பக்கமாக் கோணியிருந்தது.