ஸ்பார்ட்டாவுக்கும் மங்கோலியாவுக்கும் ஆள் அனுப்பியவள்

படப்பிடிப்புக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற தொழிலில் எது குறைந்தாலும் சமாளிக்கலாம், ஆள் குறைந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கோயில் கொடைக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ என்றைக்காவது நாலு பேரைச் சேர்த்து வேனில் ஏற்றியவராக நீங்கள் இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நான், இந்தத் தொழிலுக்கு வந்து முதலில் எடுத்த பெரிய ஆர்டர் ஒரு டிவி தொடர். பழங்காலத்துப் போர்க்குடிகளைப் பற்றிய ஆவணத் தொடர். வாரம் ஒரு இனம். அத்தனைக்கும் படை நான் கொடுக்க வேண்டும்.

மீசை

முதல் வாரம் கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டா. ஆலங்குளம் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியைப் பார்த்ததுமே இயக்குநர் அருணுக்கு அதுதான் கிரேக்கம் என்று தோன்றிவிட்டது. கேடயமும் தலைக்கவசமும் நம்ம ஊர்ச் சரக்கு. காலண்டர் அட்டையை வளைத்து, அதன்மேல் தங்க ஃபாயில் ஒட்டியது. லோடு ஏற்றுகிற ஆட்களை அழைத்து வந்திருந்தேன். மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அருண் சொன்னார், ஸ்பார்ட்டா வீரர்கள் தாடி வைப்பார்களாம், மீசையை மட்டும் மழித்துவிடுவார்களாம். அவ்வளவுதான், படை மொத்தமும் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டது. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாலும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எல்லோரும் முகத்தை மூடுகிற கவசத்தோடு நிற்பது, கவசத்தைக் கழற்றி முகம் காட்ட வேண்டிய ராஜா மட்டும் மீசையை எடுப்பது. ராஜாவாக யாரும் வரவில்லை. ஆட்களை ஏற்றி வந்த வேன் டிரைவர் காளிராஜ் வெகுநேரம் யோசித்துவிட்டு, சவரக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார். எழுந்து வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்க வீட்ல வந்து, இது பந்தயத்துல தோத்து எடுத்ததில்ல, ராசா வேசத்துக்குத்தான் எடுத்தாருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க தனம் அக்கா."

பேண்ட்

சித்தியர்கள் என்று ஒரு இனம். புல்வெளியில் குதிரை மேலேயே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பெண்களைப் புதைத்த குழிகளில் வில்லும் அம்பும் கிடைத்திருக்கிறதாம். ஆகவே பெண்கள் வேண்டும் என்றார் அருண். சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்களிடம் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு என்று வேலைக்குப் போகிற கோலத்திலேயே வந்து இறங்கினார்கள்.

சிக்கல் பேண்ட்டில் வந்தது. சித்தியப் பெண்கள் கால்சட்டை போட்டவர்கள். முத்துமாரி என்று ஒருத்தி, திரி செருகுகிற வேலை, நாற்பது வயதிருக்கும், அந்தக் கூட்டத்துக்கே அவள் சொல்வதுதான் சட்டம். அவள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து, பேண்ட் போட்டால் வீட்டுக்கு வரவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். முத்துமாரி அருணிடம் போய், நெசமாகவே அந்தக் காலத்தில் பொம்பளைகள் சண்டைக்குப் போனார்களா என்று விசாரித்தாள். தோண்டி எடுத்த எலும்பில் அம்பு பாய்ந்த தடம் வரைக்கும் அவர் விவரமாகச் சொன்னார். கேட்டுவிட்டு நேரே உடை மாற்றுகிற கூடாரத்துக்குப் போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தோல் போலத் தைத்த கால்சட்டையும் கையில் வில்லுமாக வெளியே வந்து வீட்டுக்காரர் முன்னால் நின்று சொன்னாள்: "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போயி சோத்த வடிச்சு வைங்க. சண்ட முடிஞ்சதும் வாரேன்."

புழுதி

மங்கோலியர்களுக்குக் குதிரைப்படை வேண்டும். வந்த குதிரைகளோ ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக்கூடப் போதாது. கேமராவில் பிற்பாடு பெருக்கிக்கொள்ளலாம், ஆனால் பெரும்படை கிளப்புகிற புழுதி நிஜமாக வேண்டும் என்றார் அருண். காளிராஜ் தனக்குத் தெரிந்த கம்பெனி வேன் டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டார். மாசி வெயிலில் காய்ந்து கிடந்த கரிசல் காட்டில், ஒவ்வொரு வேனுக்குப் பின்னாலும் வேலிக்கருவேல முள்ளைக் கட்டி, கேமராவுக்குத் தெரியாத மேட்டுக்கு அந்தப்புறம் ஓட்டினார்கள். வானம் கறுத்துவிட்டது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து குதிரைகள் வெளிப்பட்டபோது அருண் 'கட்' சொல்லவே மறந்துபோனார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய வந்து இறங்கிய காளிராஜ் சொன்னார்: "கம்பெனிக்கு ஆளக் கூட்டிட்டுப் போகையில அம்பது தாண்டாத வண்டி அக்கா இது. இன்னைக்குத்தான் அதுக்கே வீரம் வந்துருக்கு."

நெருப்பு அம்பு

கடைசியில் எடுத்தது முற்றுகைப் போர். இடைக்காலச் சீனாவில் வெடிமருந்து கட்டிய அம்புகளால் சண்டை போட்டிருக்கிறார்கள். அம்புகளை வெடிமருந்து உரிமம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் செய்து தந்தார். தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது. அன்றைக்கு சேனலில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அடுத்த தொடரை இங்கே எடுப்பதா, வேறு மாநிலத்துக்குப் போவதா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஊருக்குள் நெருப்பு அம்பு விழ, கூரை பற்றிக்கொள்ள, பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவருவதாகக் காட்சி.

முத்துமாரி எழுந்திருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அவள் வேலை பார்த்த இடத்தில் நடந்த வெடிவிபத்தில் தங்கச்சியைப் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்கு அவளும் அப்படி ஓடிவந்தவள்தான். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். அருண் வந்து முத்துமாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் அவரிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நாங்க ஓடுற மாதிரி எடுக்காதீக சார். நிக்கிற மாதிரி எடுங்க."

அருண் எழுந்துபோய் சேனல் அம்மாவிடம் பேசினார். முற்றுகையில் ஊர்ஜனங்களும் மதிலில் நின்று போராடியிருக்கிறார்கள், அதையே எடுக்கலாம் என்றார். அந்த அம்மா முகம் கொடுக்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார். மதில் மேல் மரச் சட்டங்களில் அம்புகளை அடுக்கினார்கள். ஃபோர்மேன் சொல்லிக் கொடுத்தபடி, நீளக் கம்பில் கட்டிய ஊதுபத்தியோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். வெயில் சாய்கிற நேரம். முத்துமாரி கையைத் தூக்கினாள், ஒரு கணம் நிறுத்தி, இறக்கினாள். அத்தனை அம்பும் ஒன்றாகச் சீறி எழும்பி, மதிலைத் தாண்டி, வெறும் பொட்டலில் போய் விழுந்தன. ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை. சேனல் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்ட கேமராக்காரரிடம் முத்துமாரி சொன்னாள்: "வேண்டாம் சார். அதான் சரியா வந்துருச்சே."

பேர்

கூட்டத்தில் நிற்கிறவர்கள் பேரை யாரும் திரையில் போடுவதில்லை. போட வேண்டும் என்று அருணிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். ஒளிபரப்பான அன்றைக்கு முத்துமாரி ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பெரிய திரை கட்டிப் போட்டார்கள். மதில் மேல் முத்துமாரி கையை இறக்கியபோது எழும்பிய விசில், பஸ் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சத்தம் படம் முடிந்த பிறகுதான் வந்தது. பேர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏற, ஒவ்வொரு பேருக்கும் ஒரு வீட்டார் எழுந்து கத்தினார்கள். அடுத்த தொடரும் இங்கேதான் என்று சேனலில் இருந்து போன் வந்ததை அந்த இரைச்சலில் நான் யாரிடமும் சொல்லக்கூட முடியவில்லை. சித்தியப் படையில் வில் பிடித்த பேச்சியம்மாள் என் தோளைத் தட்டிச் சொன்னாள்: "ரேசன் கார்டுல இன்னும் என் பேரு தப்பாத்தான் இருக்கு. டிவில சரியாப் போட்டுட்டாக பாருங்க."

உலகத்தையே நடுங்க வைத்த இத்தனை சேனைகளையும், ஞாயிற்றுக்கிழமை விடியலில் வீடு வீடாகக் கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது என்பது மட்டும் எந்தச் சரித்திரத்திலும் ஏறாது.