மஹ்ரூஸின் பாட்டுக்கு வராத கடிதங்கள்

ரிஃபாத் வானொலி நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்தவர். பாடியவரில்லை, மைக் முன்னால் நின்றவரும் இல்லை. ஆனாலும் எண்பதுகளில் அலெக்ஸாண்டிரியாவில் எந்தப் பாட்டு முதலிடம் என்பது அவர் மேசையில்தான் முடிவாயிற்று. நேயர்கள் எழுதுவார்கள். அவர் பாட்டுவாரியாகக் கட்டி வைப்பார். எந்தக் கட்டு பெரிதோ அந்தப் பாட்டு வெள்ளிக்கிழமை முதலிடத்தில் ஒலிக்கும். சரிதானா என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. நல்ல உத்தியோகம்தான், உட்கார்ந்திருக்கிறவன் நல்லவனாக இருந்தால்.

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்து அவரை நிலையத்துக்கு மறுபடி அழைத்தார்கள். எண்பதுகளின் முதலிடப் பாட்டுகளைத் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி. அதை நடத்திய பெண் பெயர் ரீஹாம்.

"அந்தக் காலத்து ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம், மாமா. மத்தவங்கெல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"நல்லா இருக்கும்மா உன் வரவேற்பு, போ!"

ஒரு மணி நேரம் ஜோராகப் போயிற்று. கடைசியில் தமன்ஹூரிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் வந்தார். "மஹ்ரூஸோட 'கடைசி டிராம்' பாட்டு ஏன் ஒரு தடவைகூட உங்க பட்டியல்ல வரலே? ஊரே பாடுச்சே! எங்க கல்லூரியிலேருந்து மட்டும் வாரம் நாப்பது கடிதம் போட்டோம். தபால்தலை வாங்க மத்தியானச் சாப்பாட்டையே விட்டோம்!"

ரீஹாம் ரிஃபாத்தைப் பார்த்தாள். அவர் மைக் பக்கம் குனிந்தார். "வரலேம்மா," என்றார். "கடிதம் வரலே."

"ஏன் வராது? தபால்காரன் தின்னுட்டானா?"

ரீஹாம் சிரித்துச் சமாளித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மஹ்ரூஸே இங்கே வந்து இவர் பக்கத்தில் உட்காரப் போகிறார், நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போன மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதம் வராமல் என்ன! சாக்குச் சாக்காக வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ரிஃபாத்தின் தங்கைக்குக் கர்மூஸ் தெருவில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பாட்டுக்கு அதே தெருப் பையன் மஹ்ரூஸ். தெருக் கல்யாணத்தில் பாடகன் நடுநடுவே பாட்டை நிறுத்தி, "இன்னார் குடும்பத்துக்கு ஒரு சலாம்!" என்று பெயர் சொல்லிக் கூவுவான். பெயர் வந்தவர் எல்லோர் கண்ணெதிரிலும் மேடையேறி அவன் கையில் நோட்டு வைக்க வேண்டும். முதல் சலாம் பெண்ணைப் பெற்றவருக்கு, அதுதான் முறை. மஹ்ரூஸ் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னான், கரிக்கடைக்காரருக்குச் சொன்னான், கசாப்புக் கடைக்காரரின் மச்சானுக்குக்கூடச் சொன்னான். ரிஃபாத்தின் அப்பா பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை ரிஃபாத் கண்டார். உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கோடையில்தான் 'கடைசி டிராம்' கேசட் வெளிவந்தது. முடிவெட்டும் கடை, மீன் சந்தை, டிராம் என்று எங்கே போனாலும் அதே பாட்டு. கடிதங்கள் வந்து குவிந்தன. ரிஃபாத் அவற்றை வாரம் தவறாமல் தனியே பொறுக்கி, நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரொட்டிக் கடை அடுப்பில் தன் கையாலேயே போட்டார். அப்பாவின் மானத்துக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு! வானொலியில் ஏறாத பாடகனுக்கு அடுத்த கேசட் போட ஆள் கிடைக்கவில்லை. மறு வருஷமே மஹ்ரூஸ் பாட்டை விட்டான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுவது, இல்லையென்றால் அந்த ஆளின் முகத்துக்கு நேரே ஊர் கேட்கப் பொய் சொல்வது. இரண்டில் ஒன்றுதான். புதன்கிழமை காலை ரிஃபாத் கர்மூஸுக்கு டிராம் ஏறினார்.

மஹ்ரூஸ் இப்போது கார் இருக்கைக்கு உறை தைக்கிறவர். கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. வாயில் ஊசியோடு நிமிர்ந்தவர் அடையாளம் தெரிந்ததும் எழுந்துவந்து கட்டிப்பிடித்தார்.

"அடடே! அப்துல் மவ்ஜூத் மாமா பையனா? ஏ, உம்மு சாபிர்! டீ போடு! யாரு வந்திருக்கா பாரு!"

மனைவி டீ கொண்டுவந்து ரிஃபாத் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ரிஃபாத் வாயைத் திறப்பதற்குள் மஹ்ரூஸ் முந்திக்கொண்டார்.

"உங்கப்பா மாதிரி மனுஷன் இனிமே பொறக்கணும். உன் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு மேடைக்குப் பின்னால வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'மெத்தை, அலமாரின்னு வாங்கியே பை காலி, மஹ்ரூஸு. என் பேரைக் கூப்பிட்டா ஏறி வந்து வெறுங்கையை நீட்டணும். சம்பந்தி முன்னால என்னைத் தலைகுனிய வச்சிடாதே, கூப்பிடாம விட்டுடு'ன்னார். அவர் இருக்கிறவரைக்கும் நான் மூச்சு விடலே. நீகூட அப்புறம் தெருவுல முகம் கொடுத்துப் பேச மாட்டே. பையனுக்கு விவரம் தெரியாது, போகட்டும்னு விட்டுட்டேன்."

ரிஃபாத்துக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. எவன் அப்பாவின் மானத்தைக் காத்தானோ அவன் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறார், அதுவும் அப்பாவின் பெயரால். அறுபத்தைந்து வயசில் வெட்கமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"பாட்டை ஏன் விட்டீங்க, அண்ணே?" என்று கேட்டார் ரிஃபாத்.

"ஜனங்களுக்குப் பிடிக்கலே. ஒரு கடிதாசிகூட வரலியாமே. தெருவுல பாடினதெல்லாம் என்மேல இருந்த பாசம்தான், குரலுக்கு இல்லேன்னு விளங்கிடுச்சு. பொய்யாப் பாடுறதுக்கு ஊசி புடிக்கலாம்."

"வந்துச்சு, அண்ணே," என்றார் ரிஃபாத். "வாரத்துக்கு ஒரு சாக்கு வந்துச்சு."

மஹ்ரூஸ் ஊசியைக் கீழே வைத்தார். "எத்தனை இருக்கும்?"

"எண்ணலே."

திட்டுவார், அடிப்பார் என்று ரிஃபாத் காத்திருந்தார். கிழவரோ குழந்தைபோல முகம் மலர்ந்து உள்ளே பார்த்துக் கத்தினார். "உம்மு சாபிர்! ஓடி வா! சாக்கு சாக்கா வந்துச்சாம்டீ! எனக்குத்தான்! இவரே சொல்றார், கேளு!"

அவள் அங்கியில் கையைத் துடைத்தபடி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு ரிஃபாத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சுன்னா அதெல்லாம் எங்க போச்சு?"

"நான்தான் எரிச்சேன்," என்றார் ரிஃபாத்.

அவள் கிட்டே வந்து, அவர் பாதி குடித்திருந்த டீ கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.