பர்கர் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர்

பீளமேட்டில் புதிதாகத் திறந்திருக்கும் பர்கர் கடைக்கு இன்று மனைவியோடு போயிருந்தேன். பர்கர் வந்தது, தண்ணீர் வரவில்லை. அவளோ சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை மாத்திரை போட வேண்டியவள்.

கவுண்டரில் போய்க் கேட்டேன்.

"தண்ணி பாட்டில்தானுங்க சார். இல்லாட்டி கூல்டிரிங்ஸ் வாங்கிக்குங்க" என்றது அங்கிருந்த பெண்.

சர்க்கரை மாத்திரைக்குக் கூல்டிரிங்ஸ்!

"ஏனுங்க, ஒரு பாட்டில் வாங்கிப்போட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

வாங்கவில்லை. யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் இந்த ஊரில் பேச்சே. சாப்பிட வந்தவனிடம் அதற்கும் விலை சொன்னால் கொடுக்க மாட்டேன்.

பக்கத்துப் பேக்கரியில் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். வாசலில் மேனேஜர் மறித்தார்.

"வெளி அயிட்டம் உள்ள அலவுடு இல்லீங்க சார்."

"இது அயிட்டம் இல்லீங்க, தண்ணி."

"ரூல்ஸுங்க சார்."

வாய் நிறைய 'ங்க' இருக்கிறது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை.

மனைவி எழுந்து வந்து, வாசற்படியில் வெயிலில் நின்று மாத்திரையை விழுங்கினாள். பர்கரை மேசையிலேயே விட்டுவிட்டோம். பேக்கரியில் டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, அங்கேயே பப்ஸ் சாப்பிட்டோம்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் பர்கரின் ருசியை என்னிடம் சொல்ல வேண்டாம். தண்ணீர் வைத்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.